கையும் கருத்தும்

மனிதன் யார்? சிந்திப்பவன் என்பர் சிலர். செய்பவன் என்பர் வேறு சிலர். சிந்திப்பவனே மனிதன் என்றால், செய்து செய்து கை காய்த்துப் போனவன் யார்? செய்பவனே மனிதன் என்றால், எண்ணி எண்ணி ஏடு நிரப்பியவன் யார்? இருவரும் மனிதரே என்று விடை கூறிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால், அந்த இருவரையும் வெவ்வேறு தெருவிலே குடிவைத்து, ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்காதபடி வேலி கட்டி, அந்த வேலிக்கு ‘இயற்கை’ என்று பெயரும் சூட்டிவிட்ட நாட்டிலே நாம் பிறந்திருக்கிறோம். எனவே, எளிய விடை நமக்குப் போதாது. வேலியைக் கட்டியது இயற்கையா, மனிதனா என்று கேட்டாக வேண்டும்.

சேலம் நகரிலே ஃபேர்லேண்ட்ஸ் என்றொரு பகுதி. பெயர் ஆங்கிலம், எழில் நிலம் என்பது பொருள். மாடி வீடுகள், மருத்துவமனைகள், அங்காடிகள், ஓயாத வண்டி ஓசை. அந்த வீடுகளின் அடுக்களையிலே அடுக்கி வைக்கப்பட்டுள்ள குவளைகள், தட்டுகள் எல்லாம் எவர்சில்வர். துருப்பிடிக்காத எஃகுக்கு நம் மக்கள் இட்ட பெயர் அது. நகருக்கு மேற்கே நிற்கிறது கஞ்சமலை. அதன் அடிவாரத்திலே, 1970-ஆம் ஆண்டிலே அடிக்கல் நாட்டப்பெற்று, 1981-ஆம் ஆண்டிலே உற்பத்தியைத் தொடங்கிய உருக்காலை, துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை உருட்டித் தருகிறது. புதுமை! பொறியியல் வெற்றி! ஐயமில்லை. ஆனால், அந்த மலைக்கு எஃகு புதிதா? அந்த மண்ணுக்கு உலைக்களம் புதிதா?

கஞ்சமலையைப் பற்றி நம்மவர் கூறும் கதைகள் பல. சித்தர்கள் வாழ்ந்த மலை என்பர்; மூலிகை மலை என்பர்; முதுமை போக்கி இளமை தந்த மலை என்பர். அடிவாரத்திலே சித்தர் கோயிலும் இருக்கிறது. கதைகளைக் கேட்டு மகிழலாம், தவறில்லை. ஆனால், அந்த மலையிலே இரும்புக் கல் இருக்கிறது. அந்தக் கல்லை உடைத்து, உருக்கி, இரும்பாக்கி, இரும்பை எஃகாக்கிய மனிதர்கள் அந்த வட்டாரத்திலே வாழ்ந்தார்கள். அது கதையன்று, வரலாறு. முதுமையை இளமையாக்கியதாகக் கூறப்படுவோருக்குக் கோயில் உண்டு. மண்ணை எஃகாக்கிய மனிதனுக்கோ பெயர்கூட இல்லை!

தோழரே, இந்த இடத்திலே சற்று நின்று எண்ண வேண்டுகிறேன். ஏன் பெயரில்லை?

*

முதலிலே, மனித இயல்பு யாது என்பதைப் பார்ப்போம். 1863-ஆம் ஆண்டு, சென்னைக்கு அருகே பல்லாவரத்திலே, இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். வழியிலே கிடக்கும் கல்லன்று அது. கையால் செதுக்கப்பட்ட கல். ஆதி மனிதன் ஆக்கிய கற்கோடரி. அந்த ஃபூட், பிற்காலத்திலே குடியிருந்த ஊர் சேலத்துக்கு மேலேயுள்ள ஏற்காடு. பல்லாவரத்தையடுத்து அவர் கண்ட இடங்களுள் ஒன்று அத்திரம்பாக்கம். அங்குக் கிடைத்த கற்கருவிகளின் வயது பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் மேல் என்று 2011-ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வு கூறிற்று.

பத்து இலட்சம் ஆண்டுகள்! அன்று கோயில் இல்லை, குலம் இல்லை, ஏடு இல்லை, எழுத்தும் இல்லை. ஆனால், கையிலே கல்லும் மண்டையிலே கருத்தும் இருந்தன. எந்தப் பக்கம் தட்டினால் எந்தப் பக்கம் கூர்மை பிறக்கும் என்று கருத்து கைக்குக் கூறிற்று. தட்டிய தட்டு தவறியபோது, ஏன் தவறியது என்று கை கருத்துக்குக் கூறிற்று. கருத்து கையை வளர்த்தது. கை கருத்தை வளர்த்தது. மனித இயல்பு என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால், அந்தக் கற்கோடரியைத்தான் சுட்டுவேன். பிறர்க்கு அஞ்சுவதும் பிறரை அடக்குவதும் மனிதனிடம் உண்டு; மறுக்கவில்லை. விலங்குகளிடமும் அவை உண்டு. ஆனால், இல்லாத ஒன்றை மனத்திலே கண்டு, இருக்கும் கல்லிலே அதனைக் கொண்டுவரும் ஆற்றலை இவ்வளவு தூரம் வளர்த்துக்கொண்டவன் மனிதன் ஒருவனே.

ஆக, படைப்பாற்றல் என்பது யாரோ ஒருவர் நெற்றியிலே இறங்கிய அருளன்று. இனம் முழுவதற்கும் பொதுவான இயல்பு. பொதுச் சொத்தை ஒரு சிலர் தமக்கென்று எழுதிக்கொண்டதே பிற்காலக் கணக்கு.

*

கிருஷ்ணகிரி மாவட்டம் பழைய சேலம் மாவட்டத்தின் பகுதி. அங்கே மயிலாடும்பாறையிலே நடந்த அகழாய்வில், இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று ஆய்வு கூறியதை, 2022-ஆம் ஆண்டிலே தமிழ்நாடு அரசு சட்டமன்றத்திலே அறிவித்தது. நாலாயிரம் ஆண்டுகட்கு முன்னரே இரும்பின் இயல்பறிந்த மண் இது.

இரும்பை எஃகாக்கிய முறையை எண்ணிப் பாருங்கள். சிறு மண்குகை ஒன்று செய்வர். அதனுள்ளே இரும்புத் துண்டுகளை இடுவர். கூடவே உலர்ந்த ஆவாரங்குச்சிகளை நறுக்கிப் போடுவர். எருக்கிலை போன்ற பச்சிலையால் மூடுவர். மண்ணால் வாயை அடைப்பர். பல குகைகளை உலையிலே அடுக்கி, கரி மூட்டி, துருத்தி கொண்டு மணிக்கணக்கிலே ஊதுவர். உள்ளேயுள்ள குச்சி கரியாகும். கரி இரும்போடு கலக்கும். கலந்த இரும்பு உருகி எஃகாகும். இன்று வேதியியல் நூலிலே கரிமச் சேர்க்கை என்று எழுதுகிறோம். அன்று அதை எழுதியவர் இல்லை. ஆனால், கரி எவ்வளவு, காற்று எவ்வளவு, காலம் எவ்வளவு என்பதை அந்தக் கொல்லன் அறிந்திருந்தான். அறியாமல் எஃகு பிறக்குமா? உலையின் நிறம் பார்த்து உள்ளே நடப்பதை உணர்ந்தவனை, ‘கைவேலைக்காரன், அறிவாளியல்லன்’ என்று கூற எவர்க்குத் துணிவு வரும்? வந்ததே! ஆயிரம் ஆண்டுகளாக அந்தத் துணிவுதானே இந்நாட்டின் இலக்கணமாக இருந்தது!

இந்தத் தென்னாட்டு எஃகு கடல் கடந்தது. ‘வூட்ஸ்’ என்று மேனாட்டார் அதனை அழைத்தனர். கும்பினி ஆட்சியிலே சேலத்தில் அதிகாரியாக இருந்த சோசையா மார்சல் ஹீத், அந்த எஃகின் செய்முறையை ஊன்றி நோக்கினார். 1830-ஆம் ஆண்டளவிலே பரங்கிப்பேட்டையில் இரும்பாலை அமைத்தார். சேலத்து இரும்புக் கல் அங்கே உருக்கப்பட்டது. பின்னர் இங்கிலாந்து திரும்பி, எஃகுத் தொழிலிலே புதுமுறைக்கு 1839-இல் உரிமம் பெற்றார். அவருடைய பெயர் ஏட்டிலே இருக்கிறது. அவர் உற்று நோக்கிய உலைக்களத்திலே வியர்வை வடித்தவன் பெயர் எந்த ஏட்டிலே?

*

இன்னொருவர் கதையைக் கேளுங்கள். 1819-ஆம் ஆண்டிலே, இலண்டன் நகரிலே, இந்தத் தென்னாட்டு எஃகின் துண்டொன்றை ஆய்வுக்கூடத்திலே வைத்துப் பகுத்துப் பார்த்தார் ஓர் இளைஞர். எஃகிலே இத்தகைய உறுதி எங்கிருந்து வந்தது என்று வியந்தார்; அதைப்போல் தாமும் ஆக்க முடியுமா என்று முயன்றார். அவர் பெயர் மைக்கேல் ஃபாரடே. அவர் யாருடைய மகன் தெரியுமா? கொல்லன் மகன்!

வறுமை வாட்டிய வீடு. பள்ளிப் படிப்பு சிறிதளவே. பதினான்காம் வயதிலே, நூல் கட்டும் கடையிலே தொழில் பழகச் சேர்ந்தார். பிறர் படிப்பதற்காக அவர் கட்டிய நூல்களை அவரும் படித்தார். அங்கே ஒருவரும், ‘அட்டையைத் தொடு, எழுத்தைத் தொடாதே’ என்று கூறவில்லை. அம்ஃப்ரி டேவி என்ற அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அக்குறிப்புகளை நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். 1813-இல் ஆய்வுக்கூடத்திலே உதவியாளர் வேலை கிடைத்தது. அங்கும் மேல்-கீழ் இல்லாமலில்லை; டேவியோடு ஐரோப்பாவைச் சுற்றியபோது, ஏவலாளாக நடத்தப்பட்ட இழிவையும் அவர் தாங்கினார். ஆனால், கதவு சற்றே திறந்தது. அவர் உள்ளே நுழைந்தார். 1831-ஆம் ஆண்டிலே, காந்தத்தை அசைத்து மின்சாரம் பிறப்பிக்கும் உண்மையைக் கண்டார்.

சேலத்துக்கு மேற்கே மேட்டூரைப் பாருங்கள். 1934-ஆம் ஆண்டிலே முடிந்த அணை. காவிரி நீர் பாய்ந்து சுழற்றும் மின்னாக்கிகள் அனைத்தும், கொல்லன் மகன் கண்ட அந்த உண்மையின்படியே சுழல்கின்றன. நம் எஃகை ஆய்ந்தவர் கண்ட உண்மை நம் வீட்டிலே விளக்காக எரிகிறது!

நெஞ்சைத் தொட்டு ஒன்று கேட்கிறேன். 1791-இலே இலண்டனில் பிறந்த கொல்லன் மகனைப்போல், அதே ஆண்டிலே கஞ்சமலை அடிவாரத்திலும் ஒரு கொல்லன் வீட்டிலே குழந்தை பிறந்திருக்காதா? அவனுக்கும் ‘ஏன்’ என்று கேட்கும் நாவு இருந்திருக்காதா? இருந்திருக்கும். உலைக்களமோ அவன் வீட்டிலேயே இருந்தது. எஃகோ அவன் தந்தையின் கையிலே பிறந்தது. இல்லாதது ஒன்றுதான்: எழுத்து. ஏடு இருந்த தெருவிலே உலை இல்லை. உலை இருந்த தெருவிலே ஏடு இல்லை. செய்தவன் எழுதவில்லை; எழுதியவன் செய்யவில்லை. செய்முறை தந்தையிடமிருந்து மகனுக்குக் காதோடு காதாகச் சென்றது. மலிவான மேனாட்டு எஃகு கப்பலிலே வந்திறங்கியது, கரிக்கு வேண்டிய காடுகளும் கைவிட்டுப் போயின, உலை அணைந்தது. உலையோடு அறிவும் அணைந்தது. எழுதி வைத்திருந்தால் தொழில் போனாலும் அறிவு பிழைத்திருக்குமே! ஆராயப்பட்டிருந்தால் அடுத்த படிக்கு ஏறியிருக்குமே!

*

‘அஃது இந்நாட்டின் இயல்பு; தொன்றுதொட்டு வந்த முறை’ என்பார் உளர். அல்ல! ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலைப் பாருங்கள். நொய்யல் கரையிலே அமைந்த பழம்பெரும் தொழிலூர். இரும்பு உருக்கிய உலைகள் அங்கே கிடைத்தன. மணிக்கற்களைத் துளைத்து அணிகலன் செய்த களங்கள் கிடைத்தன. கூடவே கிடைத்தவை யாவை? தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள். நூற்றுக்கணக்கிலே! மன்னன் மெய்க்கீர்த்தியன்று, தத்தம் பானையிலே மக்கள் பொறித்துக்கொண்ட பெயர்கள். ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர், உலையும் எழுத்தும் ஒரே ஊரிலே, ஒரே தெருவிலே வாழ்ந்தன. பிரிவினை இடையிலே வந்தது. இடையிலே வந்ததை இடையிலேயே போக்கவும் முடியும்.

முடியும் என்பதை ஏற்க மறுத்த கருத்தொன்று, 1953-ஆம் ஆண்டிலே அரசின் திட்டமாகவே வந்தது. முதலமைச்சராயிருந்த இராஜாஜி, சேலத்திலே வழக்கறிஞராக இருந்தவர். 1917-இல் சேலம் நகர்மன்றத் தலைவராகவும் பணியாற்றியவர். நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளிலே நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பு. எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகுதல். இதுதான் திட்டம். எதிர்த்தவர்கள் இதற்குக் ‘குலக்கல்வி’ என்று பெயரிட்டனர்.

எதிராளியின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வதே பகுத்தறிவுக்கு அழகு. அவர்கள் கூறியதென்ன? பள்ளிகள் போதா, ஆசிரியர் போதார், இருவேளை முறையானால் அதே கட்டடத்திலே இருமடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்றனர். கைத்தொழில் இழிவன்று, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, பிள்ளைகள் கைவேலை பழகட்டும் என்றனர். கைத்தொழில் இழிவன்று என்பதை நாம் மறுக்கவில்லை. இவ்வளவு நேரம் அதைத்தானே கூறி வந்தோம்! ஆனால், கைத்தொழிலுக்கு மதிப்புத் தருவது வேறு. தகப்பன் தொழிலிலே மகனைக் கட்டி வைப்பது வேறு. மதிப்புத் தருவதென்றால், வழக்கறிஞர் மகனும் வனைதல் பழகட்டும். குயவன் மகனும் சட்டம் பயிலட்டும். குயவன் மகன் வனையவும் வழக்கறிஞர் மகன் வாதிடவும் ஏற்பாடு செய்துவிட்டு, அதற்குத் ‘தொழிலின் பெருமை’ என்று பெயர் சூட்டினால், பெருமை ஒருவருக்கு, தொழில் மற்றவருக்கு என்றல்லவா முடிகிறது! எதிர்ப்பு எழுந்தது. 1954-இலே இராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

பிறப்பு தொழிலை வகுக்கும் என்பது உண்மையானால், காவிரிக்கரை மோகனூரிலே 1888-இல் பிறந்த இராமலிங்கம் காவலராக அன்றோ ஆகியிருக்க வேண்டும்? தந்தை காவல்துறையிலே பணி புரிந்தவர். மகனோ தூரிகை எடுத்தார், ஓவியராய்ப் பொருளீட்டினார், பின்னர் எழுதுகோல் எடுத்தார், நாமக்கல் கவிஞர் என்று நாடு அழைத்தது. 1949-இலே சென்னை மாநிலத்தின் அரசவைக் கவிஞரானார். அவர் எழுதிய ‘மலைக்கள்ளன்’ 1954-இலே திரைப்படமாயிற்று. அவருடைய அரசியலோடு மாறுபடுவோர் உண்டு. அவருடைய வாழ்வு காட்டும் உண்மையோடு மாறுபட முடியாது. ஓர் ஆற்றலுக்குள்ளே இன்னோர் ஆற்றல் உறங்கிக் கிடக்கிறது. எந்தக் கதவைத் தட்டினால் எது விழிக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. தெரியாது என்பதால்தான், எந்தப் பிள்ளைக்கும் எந்தக் கதவையும் அடைத்து வைக்க எவர்க்கும் உரிமையில்லை.

திருச்செங்கோட்டைப் பாருங்கள். வானம் பொய்த்த வட்டாரம். அங்கிருந்து கிளம்பிய ஆழ்துளைக் கிணற்று வண்டிகள், இந்தியாவெங்கும் சென்று பாறையைத் துளைத்து நீர் காட்டுகின்றன. நாமக்கல்லிலே சரக்குந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகள். ஏர் பிடித்த குடும்பங்களிலிருந்து பலர் இத்தொழில்களுக்கு வந்தனர். இவற்றை எந்தக் குலத்தொழில் ஏடு விதித்தது? எதுவுமில்லை! நீரில்லாத நிலம் விதித்தது; நிமிர்ந்து நின்ற மனம் ஏற்றது.

*

பழைய வேலியைப் பழித்துவிட்டு நிறுத்திக்கொண்டால், எளிதான வேலையைச் செய்தவர்களாவோம். நம் வீட்டுக்குள்ளேயும் நோக்க வேண்டும்.

குலக்கல்வியை எதிர்த்த குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இன்று பொறியியற் கல்லூரிகளிலே பயில்கின்றனர். மகிழ்ச்சி! ஆனால், மதிப்பெண் குறைந்த பிள்ளையை நோக்கி நம் வீட்டுப் பெரியவர் கூறுவதென்ன? ‘படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்!’ மாடு மேய்ப்பது தண்டனையாம்! அந்தப் பாலைக் குடித்துக்கொண்டே கூறுகிறோம். கை வேறு, கருத்து வேறு; கருத்து மேல், கை கீழ் என்ற பழைய வேலியை, சாதிப் பெயரை மட்டும் நீக்கிவிட்டு, நம் கூடத்திலேயே மீண்டும் நடுகிறோம். பட்டம் பெற்ற மகன் திருகுமுறுக்கியைத் தொட நாணுகிறான். பழுது பார்க்கும் பட்டறையிலே இருக்கும் கூர்மதியாளனை ‘டேய்’ என்று அழைக்கிறோம். ஏட்டை எட்டிப் பிடித்தவன் உலையை எள்ளுவானானால், நடந்தது விடுதலையன்று, இடமாற்றம்.

இதன் விளைவு சிறிதன்று, உயிர்க்கொலையாகவே முடிகிறது. 1993-இலே ஒரு சட்டம், 2013-இலே மேலும் கடுமையாக ஒரு சட்டம்: மனிதனை மலக்குழியிலே இறக்கக்கூடாது என்று. இருந்தும் இறக்குகிறார்கள், இறக்கிறார்கள். இறப்போர் பெரும்பாலும் எந்தப் பிறப்பினர் என்பதை நான் கூற வேண்டியதில்லை. 2008-ஆம் ஆண்டிலே இந்தியா நிலவுக்குக் கலம் விட்டது. கோதவாடியிலே பிறந்த மயில்சாமி அண்ணாதுரை அத்திட்டத்தை முன்னின்று நடத்தினார். தமிழர் நெஞ்சு நிமிர்ந்தது. மலக்குழிக்குள் மனிதனுக்குப் பதில் இறங்கும் இயந்திரக் கையை, கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கித் திருவனந்தபுரத்திலே இயக்கியது 2018-ஆம் ஆண்டிலே. நிலவைத் தொட்ட பின்னர் பத்து ஆண்டுகள்! நிலவைவிடக் குழி ஆழமா? இல்லை. அறிவு பற்றவில்லையா? இல்லை, இல்லை. குழியிலே இறங்குபவன் நம் எண்ணத்திலே இறங்கவில்லை, அவ்வளவுதான்.

படைப்பாற்றலைப் பற்றி நான் கண்ட உண்மை இது. அது மதிப்பு இருக்கும் பக்கமே பாயும். எவருடைய துன்பத்தை நாம் துன்பமென்று எண்ணுகிறோமோ, அவர்க்கே கருவி கண்டுபிடிப்போம். எனவே, கூர்மை மட்டும் அறிவாகாது. கூர்மை யாருக்காக என்று கேட்கும் நெஞ்சும் சேர்ந்தால்தான் அது மெய்யறிவு. கற்கோடரி செய்தவனுக்குக் கூர்மை தெரிந்தது. அதை எவர்க்குப் பயன்படுத்துவது என்பதைக் கற்றுக்கொள்ள நமக்குப் பத்து இலட்சம் ஆண்டுகள் போதவில்லையே!

செய்ய வேண்டியது யாது? பெரிய புரட்சி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளிதோறும் பட்டறை ஒன்று எழட்டும். எல்லாப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், அங்கே உளியும் அரமும் பிடிக்கட்டும். பட்டறைதோறும் ஏடு நுழையட்டும். தச்சரும் கொல்லரும் நெசவாளரும் தாம் அறிந்ததைத் தம் பெயரிலே எழுதட்டும். எழுத இயலாதார் கூறக் கேட்டு எழுத்தறிந்தோர் எழுதித் தரட்டும். மறையப்போகும் கைத்திறன் ஒவ்வொன்றும் மறைவதற்கு முன் ஏடேறட்டும், அதற்குரியவர் பெயரோடு. வீட்டிலே, ‘மாடு மேய்க்கப் போவாய்’ என்ற சொல் இன்றோடு ஒழியட்டும்.

கஞ்சமலைக் கொல்லனின் பெயரை இனி மீட்க முடியாது. ஆனால், இன்று சேலத்துப் பட்டறை ஒன்றிலே கரி படிந்த கையோடு, ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கும் சிறுவனுக்கும் சிறுமிக்கும் பெயர் இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை கூறுவோம். நமக்குத் தெரியாவிட்டால், விடை இருக்கும் இடத்துக்கு அவர்களை அழைத்துச் செல்வோம்.